கேள்வி கேட்காத எழுத்தர்

திங்கட்கிழமை காலையில் தமிழ்நாட்டின் எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும், வாசலுக்கு வெளியே ஒரு சிறு மேசை, நாற்காலி, வெள்ளைத்தாள் கட்டு சகிதம் மனு எழுதித் தருபவர்களைப் பார்க்கலாம். குறைதீர் கூட்டத்துக்கு வரும் முதியவர் தன் கதையை எங்கிருந்தோ ஆரம்பிப்பார். மகன் கைவிட்டது, பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தள்ளி வைத்தது, மழையில் சுவர் விழுந்தது எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். எழுதுபவர் குறுக்கிடுவார். ‘பட்டா யார் பேர்ல இருக்குங்கய்யா? சர்வே நம்பர் சொல்லுங்க. போன தடவை மனு கொடுத்த ரசீது வச்சிருக்கீங்களா?’ பதில் வந்த பிறகுதான் ‘அனுப்புநர்’ என்று எழுதத் தொடங்குவார்.

ஒருவருக்காக இன்னொருவர் எழுதிக் கொடுப்பது, ஆக, நமக்குப் பழகிய ஏற்பாடுதான். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து எழுத்துக்கே முடிவு வந்துவிட்டது என்ற ஒப்பாரியும், இனி எல்லோரும் எழுத்தாளர்கள் என்ற கொண்டாட்டமும் மாறி மாறிக் கேட்கின்றன. இரண்டையும் சற்றே தள்ளி வைத்துவிட்டு, அதன்பின் வெளிவந்த ஆய்வுகளைப் படித்தால் ஒன்று புலப்படுகிறது. சொல்ல விஷயம் இருந்து மொழி கைகொடுக்காதவருக்கு இந்தக் கருவி பெரிய துணை. விஷயம் கைவசம் இல்லாதவருக்கோ, இருப்பதுபோன்ற ஒரு தோற்றத்தை உண்டாக்கித் தருகிறது. நன்மைகளில் பெரும்பாலானவை முதல் வகையிலிருந்தும், கேடுகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையிலிருந்தும் வருகின்றன.

முதலில் நன்மை. எம்ஐடியில் பொருளியல் ஆய்வு மாணவர்களாக இருந்த ஷாக்கெட் நோய், விட்னி ஜாங் இருவரும் 2023 ஜூலையில் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். விற்பனைப் பிரிவினர், நிதி விண்ணப்பம் எழுதுபவர்கள், மனிதவள அலுவலர்கள் என 453 பட்டதாரிகள் அதில் கலந்துகொண்டனர். செய்திக்குறிப்பு, சிறு அறிக்கை, பக்குவமாக எழுதவேண்டிய அலுவலக மின்னஞ்சல் போன்றவைதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை. பாதிப் பேருக்கு இரண்டாவது வேலையின்போது சாட்ஜிபிடியைப் பயன்படுத்த வசதி தரப்பட்டது. அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் 40 விழுக்காடு குறைந்தது. எழுத்தின் தரம் 18 விழுக்காடு கூடியது. முதல் வேலையில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களே அதிகம் ஏறினார்கள். நன்றாக எழுதுபவருக்கும் சுமாராக எழுதுபவருக்கும் இருந்த இடைவெளி சுருங்கியது.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் வழக்கமாக இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். அதிலேயே இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. பெரும்பாலோர் கருவி கொடுத்ததை அப்படியே, கை வைக்காமல், ஒப்படைத்ததாகச் சொன்னார்கள். அப்புறம், கொடுத்த வேலைகள் எல்லாம் அந்த இடத்துக்கே உரிய தகவல் எதையும் கேட்காதவை. கற்பனை நிறுவனத்துக்குச் செய்திக்குறிப்பு எழுதும்போது அதில் வரும் தேதி சரியா என்று யாரும் பார்க்கப்போவதில்லை. சர்வே எண் தேவைப்படாத மனுக்கள் அவை.

ஆனாலும் நன்மை உண்மையானது. அதை யார் பெறுகிறார்கள் என்று புரிந்துகொள்ள, அதே மாதம் ‘பிளாஸ் பயாலஜி’ இதழில் தட்சுயா அமானோவும் சகாக்களும் வெளியிட்ட கணக்கைப் பார்க்கலாம். எட்டு நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் அறிவியலாளர்களிடம் அவர்கள் விசாரித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இளம் ஆய்வாளர் ஒரு கட்டுரை எழுத ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நேரம் செலவிடவேண்டியிருக்கிறது. மொழியைக் காரணம் காட்டிக் கட்டுரை திரும்பி வருவது அவருக்கு இரண்டரை மடங்கு அதிகம். ‘ஆங்கிலத்தைச் சரிசெய்து அனுப்பவும்’ என்ற குறிப்பு 12 மடங்குக்கும் மேல். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ ஆய்வுக்கூடத்தில் இரவும் பகலும் உட்கார்ந்தவருக்கு முடிவுகள் கையில் இருக்கும். அவற்றை இதழாசிரியர் முகம் சுளிக்காத ஆங்கிலத்தில் வைப்பதுதான் மலையேற்றம். மொழித் திருத்தத்துக்கென்றே கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் பல உள்ளன. ஓர் ஆய்வு மாணவரின் உதவித்தொகைக்கு அது எட்டாது. இப்போது அந்த வேலையை ஒரு கைபேசிச் செயலி செய்கிறது. தன் ஆய்வு முடிவு எது, எது இல்லை என்று அவருக்குத் தெரியும். கருவி தவறாகச் சொன்னால் அவர் கண்ணில் உடனே படும். இவருக்கு இதைக் கூடாது என்று சொல்ல எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

ஆனால் அந்த ஆளைத்தான் சந்தேகம் முதலில் பிடித்தது. மாணவர் எழுதியதா, எந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் 2023 தொடக்கத்திலேயே சந்தைக்கு வந்துவிட்டன. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தினர் அவற்றில் ஏழை எடுத்துச் சோதித்தார்கள். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் டோஃபல் தேர்வுக்காக ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 விழுக்காடு ‘எந்திரம் எழுதியது’ என்று தீர்ப்பானது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை அந்த மென்பொருள்கள் ஏறக்குறைய பிழையின்றி மனித எழுத்து என்று சொல்லிவிட்டன. காரணம் எளிது. அடுத்து வரும் சொல்லை எளிதாக ஊகிக்க முடிந்தால் அது எந்திர எழுத்து என்பதே அவற்றின் அளவுகோல். இரவல் மொழியில் எழுதுபவரிடம் சொற்கள் குறைவு. பாடப்புத்தகத்தில் படித்த வாக்கிய அமைப்பிலேயே எழுதுவார். ஆகவே ஊகிக்க எளிது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே கட்டுரைகளை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் எழுதியதுபோலச் செழுமைப்படுத்தித் தா என்று சாட்ஜிபிடியிடமே கொடுத்து வாங்கியபோது, தவறான குற்றச்சாட்டுகள் வெகுவாகக் குறைந்துபோயின. தன் கையால் எழுதியவர் மாட்டிக்கொள்கிறார், எந்திரத்திடம் கொடுத்தவர் தப்பிக்கிறார். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட கண்டறியும் கருவி, எந்திர எழுத்தில் 26 விழுக்காட்டைத்தான் பிடித்தது. 2023 ஜூலையில் அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். இப்படியொரு மென்பொருள் தரும் எண்ணை மட்டும் நம்பி ஒரு மாணவரின் மதிப்பெண்ணில் கை வைப்பது அநியாயம்.

இனி, விஷயமே கைவசம் இல்லாதபோது நடப்பது. நியூயார்க்கில் ஒருவர், விமானப் பயணத்தில் உணவு வண்டி முழங்காலில் இடித்துக் காயப்பட்டதாக அவியாங்கா விமான நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். அவருடைய வழக்கறிஞர் 30 ஆண்டுகளுக்கு மேல் தொழிலில் இருந்தவர். ஆனால் விமானப் போக்குவரத்து தொடர்பான பன்னாட்டுச் சட்டம் அவருக்குப் பழக்கமில்லாத துறை. முன்தீர்ப்புகளைத் தேடித் தரும்படி சாட்ஜிபிடியிடம் கேட்டார். அது வாதி பெயர், பிரதிவாதி பெயர், நீதிமன்றம், ஆண்டு, தொகுதி எண், பக்க எண் எல்லாம் வைத்து வரிசையாகக் கொடுத்தது. அவற்றுள் ஒன்று வர்கீஸ் என்பவர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ் மீது தொடுத்த வழக்கு. சந்தேகம் வந்து, ‘இது உண்மையான வழக்குதானா’ என்று அவர் கேட்கவும் செய்தார். உண்மைதான் என்றும், பெயர்பெற்ற சட்டத் தரவுத்தளங்களில் கிடைக்கும் என்றும் பதில் வந்தது. அப்படி எந்த வழக்கும் இல்லை. காட்டிய ஆறு தீர்ப்புகள் எந்த நீதிமன்றமும் வழங்காதவை. நீதிபதி கெவின் காஸ்டல் 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விதித்தார். அது நாளிதழ்களில் சிரிப்பாய்ச் சிரித்த பிறகும் இத்தகைய மேற்கோள்கள் நிற்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 2025 ஜூனில், லண்டன் உயர் நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வழக்கில் மேற்கோள் காட்டிய 45 தீர்ப்புகளில் 18 இல்லாதவை என்று தெரியவந்தது.

இதை எந்திரம் பொய் சொன்னது என்று சொல்வது அவ்வளவு சரியாகாது. பொய் சொல்ல உண்மை தெரிந்திருக்க வேண்டும். சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரி செய்வது, இதுவரை வந்த சொற்களை வைத்து அடுத்து எது வரக்கூடும் என்று கணிப்பது. சட்ட மேற்கோள் எந்த வடிவத்தில் இருக்கும் என்பதை அது கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து நன்றாகக் கற்றிருக்கிறது. அந்த வடிவத்துக்குள் இருக்கவேண்டிய உண்மை அதனிடம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சர்வே எண் தெரியாவிட்டால் ஆட்சியர் அலுவலக வாசலில் இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். எந்திரமோ சர்வே எண் மாதிரியே இருக்கும் ஓர் எண்ணைப் போட்டு மனுவை முடித்துக் கையில் கொடுத்துவிடும். இப்போது வரும் கருவிகள் இணையத்தில் தேடிப் பார்த்து எழுதுகின்றன, தெரியவில்லை என்று சொல்லவும் ஓரளவு பழக்கப்பட்டிருக்கின்றன. முன்னேற்றம்தான். ஆனால் பத்தில் ஒன்பது சரியாக இருக்கும்போது பத்தாவதைச் சரிபார்க்கும் பொறுமை மனிதருக்குக் குறைந்துவிடுகிறது என்பதும் உண்மை.

இல்லாத தீர்ப்பு ஒருநாள் பிடிபட்டுவிடும். பிடிபடாத கேடு, எல்லோர் எழுத்தும் ஒன்றுபோல ஆவது. 2024 ஜூலையில் அனில் தோஷி, ஆலிவர் ஹவுசர் இருவரும் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளியிட்ட பரிசோதனையில், கிட்டத்தட்ட 300 பேர் எட்டு வாக்கியத்தில் ஒரு குட்டிக்கதை எழுதினார்கள். எந்திரம் தந்த யோசனையை எடுத்துக்கொண்டவர்களின் கதைகளை வாசகர்கள் கூடுதலாக ரசித்தார்கள். கற்பனை வளம் குறைந்தவர்களுக்கே அதில் ஆதாயம் அதிகம். ஆனால் கதைகளை வரிசையாக அடுக்கி ஒப்பிட்டபோது, எந்திர யோசனையில் பிறந்தவை ஒன்றையொன்று அதிகம் ஒத்திருந்தன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொருவருக்கும் லாபம். ஓர் இதழாசிரியர் முன்னால் மொத்தமாக வந்து விழும்போது நட்டம். அமெரிக்க அறிவியல் புனைகதை இதழான ‘கிளார்க்ஸ்வேர்ல்டு’ 2023 பிப்ரவரியில் எந்திரக் கதைகளின் வெள்ளம் தாங்காமல் படைப்புகள் வாங்குவதையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது. புதிதாக எழுத வரும் ஒருவருக்குக் கதவு மூடியது என்பதே அதன் பொருள்.

எந்தப் பக்கமாக ஒன்றுபோல ஆகிறது என்பது நமக்கு இன்னும் முக்கியம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் துருவ் அகர்வால், மோர் நாமன், ஆதித்ய வசிஷ்டா மூவரும் இந்தியரும் அமெரிக்கருமாக 118 பேரை ஆங்கிலத்தில் எழுத வைத்தார்கள். தட்டச்சு செய்யும்போதே அடுத்த சொற்களை எந்திரம் முன்மொழியும். பிடித்த உணவு எது என்று எழுதத் தொடங்கினால் பீட்சா என்றது. பிடித்த பண்டிகை என்றால் கிறிஸ்துமஸ். ஷாருக் கானை நினைத்துக்கொண்டு முதல் எழுத்தை அடித்தவருக்கு அமெரிக்கப் பிரபலங்களான ஷகீல் ஓ’நீலையோ ஸ்கார்லெட் ஜோஹான்சனையோ நீட்டியது. இந்தியர்கள் அமெரிக்கர்களைவிட அதிகமான முன்மொழிவுகளை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் அவற்றைத் திருத்தவே நேரம் போனதால் அவர்களுக்குக் கிடைத்த ஆதாயம் குறைவு. அதோடு அவர்கள் எழுதும் விதமே அமெரிக்கர்களின் விதத்தை நோக்கி நகர்ந்தது. எதிர்த்திசையில் அப்படி நகரவில்லை. கருத்தும்கூட நகரும் என்று மோரிஸ் யாக்கேஷ் குழுவினர் 2023இல் 1,506 பேரிடம் நடத்திய சோதனை காட்டியது. சமூக ஊடகம் சமுதாயத்துக்கு நல்லதா என்று எழுதச் சொன்னார்கள்; எந்திரம் எந்தப் பக்கம் சாய்ந்து முன்மொழிந்ததோ, எழுதியவர்களின் பிந்தைய கருத்தும் அந்தப் பக்கம் சாய்ந்தது. பெரும்பாலோருக்கு அது தெரியவே இல்லை.

மாணவர்களின் மூளை மழுங்குகிறதா என்ற கேள்விக்கு இப்போதைக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது. எம்ஐடி ஊடக ஆய்வகம் 2025 ஜூனில் வெளியிட்ட ஆய்வு ஊரெல்லாம் பேசப்பட்டது: சாட்ஜிபிடியின் துணையோடு கட்டுரை எழுதியவர்களில் பெரும்பாலோரால், எழுதி முடித்த கையோடு, தங்கள் கட்டுரையிலிருந்து ஒரு வாக்கியத்தைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பங்கேற்றவர்கள் 54 பேர்தான். வெளியானபோது அது சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்கு உட்படாத முன்வரைவு. தலைப்புச் செய்தி தாங்கும் எடையை அது தாங்காது.

தமிழில் நிலைமை வேறு மாதிரி. சாட்ஜிபிடிக்கு முன்னோடியான ஜிபிடி-3 மாதிரியின் பயிற்சித் தரவில் சுமார் 93 விழுக்காடு ஆங்கிலம். மற்ற எல்லா மொழிகளும் சேர்ந்து மீதி. தமிழை எந்திரம் பார்க்கும் விதமே முதலில் தகராறு. ‘கோயில்’ என்பது நம் கணக்கில் மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஆறு குறியீடு: ககரமும் ஓகாரக் குறியும், யகரமும் இகரக் குறியும், லகரமும் புள்ளியும். வழக்கமான சேமிப்பு முறையில் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட் வீதம் 18 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். எந்திரம் எழுத்தை நேரடியாகப் படிக்காமல் டோக்கன் எனும் துண்டுகளாக நறுக்கிப் படிக்கும். அதிகம் பார்த்துப் பழகிய ஆங்கிலச் சொல் முழுசாக ஒரே துண்டாக இருக்க, தமிழ்ச் சொல் பொடிப்பொடியாகிவிடும். ஓபன்ஏஐ 2024 மே மாதம் தானே வெளியிட்ட ஓர் ஒப்பீட்டில், ஒரே செய்தி ஆங்கிலத்தில் 27 டோக்கன், தமிழில் 116. அதே நாளில் அறிமுகமான புதிய முறையில் அது 24 ஆகவும் 35 ஆகவும் குறைந்தது. டோக்கன் கணக்கில்தான் கட்டணம், டோக்கன் கணக்கில்தான் நினைவின் கொள்ளளவு. ஆகவே அது தமிழில் கருவி செய்பவர்களுக்குப் பெரிய விடுதலை.

ஆனால் மலிவானதும் தமிழ் தண்ணீராகப் பாயத் தொடங்கியது. இலக்கணப் பிழை குறைவான, சொன்னபடி கேட்கும் தமிழ். இதழ் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது முதல் பத்தியிலேயே பிடிபட்டுவிடும். ‘திருவிழா என்பது வெறும் கொண்டாட்டம் மட்டுமல்ல, அது நமது பண்பாட்டின் பிரதிபலிப்பாகும்’ என்று ஆரம்பிக்கும். எதற்கும் ஒரு ‘முக்கியப் பங்கு’ இருக்கும். பெயரடைகள் மூன்று மூன்றாக வரும். கடைசியில் கட்டாயம் ஓர் உபதேசம். இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எந்த ஊர்த் திருவிழா என்பதுதான் தெரியாது. மதுரைக்காரர் ஒருவரிடம் கேட்டால் பேச்சு நேரே அழகர் ஆற்றில் இறங்குவதற்குப் போகும். இந்த வருஷம் என்ன நிறப் பட்டு உடுத்தி வந்தார் என்பதற்குப் போகும். பச்சைப் பட்டு என்றால் வருஷம் செழிக்கும் என்ற நம்பிக்கைக்குப் போகும். எந்திரத்திடம் குறிப்பாகக் கேட்டால் இதுவும் வரும். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், வந்தது சரியா என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியா இந்தப் பாட்டைச் சாட்ஜிபிடிக்குப் பத்தாண்டுக்கும் மேல் முன்பே பட்டது. 2009ஐ ஒட்டி கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, தன் மொழிபெயர்ப்புக் கருவியின் வழியாக ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றத் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியாவுக்குக் கட்டுரைகள் கிடைக்கும், கூகுளின் எந்திரத்துக்குப் பயிற்சித் தரவு கிடைக்கும் என்பது கணக்கு. நடந்தது வேறு. அமெரிக்கப் பாடகர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக வந்து விழுந்தன. வாக்கியங்களில் ஆங்கிலத்தின் எலும்புக்கூடு துருத்திக்கொண்டு நின்றது. உரையாடல் பக்கத்தில் கேட்ட கேள்விகளுக்கு ஏற்றியவர்கள் பதில் சொல்லவில்லை. 2010இல் போலந்தின் கடான்ஸ்க் நகரில் நடந்த, விக்கிப்பீடியர்களின் விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் ரவிசங்கர் இதையெல்லாம் அலசி ஒரு மதிப்பீட்டை முன்வைத்தார். எத்தனை கட்டுரை என்பதைவிட அவற்றை யார் படித்துத் திருத்துவது என்பதே பிரச்சினை என்று தமிழ் விக்கிப்பீடியர்களுக்கு அப்போதே புரிந்திருந்தது.

கிரீன்லாந்து மொழிக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. அந்த மொழி விக்கிப்பீடியாவில் எந்திர மொழிபெயர்ப்புகள் நிரம்பி, திருத்த ஆளில்லாமல், அதன் நிர்வாகியே மூடிவிடச் சொல்லி 2025இல் மூடும் முடிவு எடுக்கப்பட்டது. சிறிய மொழிகளில் ஆபத்து இரட்டிப்பு. எந்திரம் மொழியைக் கற்பது இணையத்திலிருந்து. இணையத்தில் இருப்பதோ எந்திரம் எழுதியது என்று ஆகிவிட்டால், தன் பிழையைத் தானே பாடமாகப் படிக்கும். இப்படித் தலைமுறை தலைமுறையாகத் தன் எழுத்திலேயே பயின்ற மாதிரிகள் சீர்குலைவதை இலியா ஷுமைலோவ் குழுவினர் 2024 ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். முதலில் காணாமல் போவது அரிதாக வருபவை. ஒரு மொழியில் அரிதாக வருபவை என்றால் வட்டார வழக்கும், தொழிலுக்குரிய சொல்லும், ஒருவர் மட்டுமே எழுதக்கூடிய வாக்கியமும்தான்.

தமிழ் கிரீன்லாந்து மொழியைப் போலச் சிறியதல்ல. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது. ஈழத்து எழுத்துக்களைச் சேர்க்கும் நூலகம் திட்டம் 2005இல். எழுத்தாளரின் நூல்களுக்கு அரசே தொகை கொடுத்து நாட்டுடைமையாக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் இருப்பதால், பதிப்புரிமைத் தகராறு இல்லாமல் எந்திரத்துக்குப் படிக்கக் கொடுக்கக்கூடிய நல்ல உரைநடை நம்மிடம் ஏராளம். உலகெங்கும் செய்தித்தாள்களும் எழுத்தாளர்களும் இதே விஷயத்துக்காக நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருக்கையில் இது சாதாரண வசதி இல்லை. ஆனால் அந்த நூல்களில் நிறையப் பக்கங்கள் வெறும் படங்களாக இருக்கின்றன, அல்லது படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி படித்துக் குழப்பிய நிலையில் இருக்கின்றன. ‘ர’வும் காலும் மாறி, ‘ன’வும் ‘ள’வும் மயங்கிக் கிடக்கும் அந்தப் பக்கங்களை, விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான விக்கிமூலத்தில் சில தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாக, சம்பளமில்லாமல், மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழுக்கென்று செயற்கை நுண்ணறிவு செய்யப்போகிறோம் என்று மேடையில் அறிவிக்கும் அரசும் நிறுவனங்களும், அதற்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கை இந்த மெய்ப்பு வேலைக்கு மாதச் சம்பளமாக ஒதுக்கினால், எந்திரம் நாளைக்கு எழுதும் தமிழ் எந்தத் தமிழிலிருந்து வரும் என்பதை ஓரளவாவது நாம் தீர்மானிக்கலாம்.